வீட்டில் பயிலும் பிள்ளைகள் கூடி இயங்குதளம் மாற்றும் நாள்: ஏற்பாடு முதல் ஒப்படைப்பு வரை

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் எங்களைப் போன்ற குடும்பங்கள் குமரி மாவட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் கூட்டாளிகள் வேண்டுமே என்று ஒரு சந்திப்பை ஏற்பாடு செய்தால், பெற்றோர் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகள் அவரவர் அம்மாவை ஒட்டி நிற்பதைத்தான் பலமுறை பார்த்தேன். அவர்கள் கையில் ஒரு வேலையைக் கொடுத்த பிறகே அது மாறியது. பழைய கணினிக்கு இயங்குதளம் மாற்றுவது இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. அதற்கு இரண்டு பேர் வேண்டும், இடையில் நீண்ட காத்திருப்பு உண்டு, முடிவில் ஒரு வீட்டுக்குப் பயன்படும் பொருள் மிஞ்சும்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்து, வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன; வேறு இயங்குதளத்துக்கு மாற வேண்டிய இந்த வேலை பல வீடுகளில் செய்யப்படாமல் கிடக்கிறது. கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். புதியவர்கள் செய்து நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை, பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்ததால் வந்தவை.

1. முதல் சந்திப்பில் கணினி வேண்டாம்

குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்பு, வரப்போகும் பிள்ளைகள் அனைவரும் ஒரு மாலைப்பொழுதில் கூடட்டும். முட்டம் கடற்கரை போதும், யாராவது வீட்டுத் தோப்பும் போதும். முகம் தெரியாத இருவரை ஒரே திரையின் முன் உட்கார வைத்தால், துணிச்சலான பிள்ளை முழு வேலையையும் எடுத்துக்கொள்ளும், மற்றது வாய் திறக்காமல் வேடிக்கை பார்க்கும். ஒருமுறை சேர்ந்து ஓடி விளையாடியிருந்தால் இது பெருமளவு குறைகிறது.

பத்து முதல் பதினைந்து வயதுக்குள் ஆறு அல்லது எட்டுப் பிள்ளைகளும், மூன்று அல்லது நான்கு கணினிகளும் போதும். அவர்களில் இருவராவது பள்ளிக்குச் செல்லும் அண்டை வீட்டுப் பிள்ளையாகவோ உறவுக்காரப் பிள்ளையாகவோ இருக்கட்டும். வீட்டில் பயிலும் பிள்ளைகளை மட்டுமே சேர்த்தால், மாதத்துக்கு ஒருமுறை கூடுவதைத் தவிர மற்ற நாட்களில் அவர்களுக்குப் பக்கத்தில் யாரும் இல்லாமல் போய்விடும். அண்டை வீட்டுப் பிள்ளையோ நாளையும் வேலிக்கு அப்பால் இருக்கும்.

பெரியவர்களிடம் ஒன்றை முன்பே சொல்லிவிடுங்கள். "எந்த ஸ்கூல்? எத்தனாம் கிளாஸ்?" என்ற கேள்வியை அன்று யாரும் கேட்கக் கூடாது. கேட்பவருக்கு அது நலம் விசாரிப்பதைப் போன்றது. வீட்டில் பயிலும் பிள்ளைக்கோ, ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் பதில் சொல்லிச் சலித்த கேள்வி அது. அதைக் கேட்டதும் அடுத்த ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

2. நாளும் இடமும்

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் தொடங்கி, மாலை மூன்று மணிக்குள் முடியுமாறு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை பல வீட்டார் கோவிலுக்கும் தேவாலயத்துக்கும் போய்விடுவார்கள். மேலும், ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நம் பக்கத்தில் இடி மின்னல் பெரும்பாலும் பிற்பகலில்தான் வருகிறது. இயங்குதளம் எழுதப்படும் நேரத்தில் மின்சாரம் போனால் கணினி அடுத்த முறை தொடங்காமலே போகலாம். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்புவதற்கும் இந்த நேரம் உதவும்.

இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது, எர்த் சரியாக இணைக்கப்பட்ட பிளக் பாயின்ட். இரண்டாவது, கணினி இருக்கும் அறையிலிருந்து தனியாக ஒரு திண்ணையோ வராந்தாவோ. அது ஏன் என்பது எட்டாவது பகுதியில் புரியும்.

3. ஒரு வாரம் முன்பே கணினிகளைத் தரம் பிரித்தல்

புதியவர்கள் இதைக் கூட்டத்தன்று காலையில் செய்யப் பார்க்கிறார்கள். அப்போது பாதிக் கணினிகள் தகுதியற்றவை என்று தெரியவந்தால், அவற்றைக் கொண்டுவந்த பிள்ளைகள் வெறுங்கையோடு ஓரமாக நிற்க நேரும். ஆகவே ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு கணினியையும் பார்த்து மூன்றாகப் பிரித்துவிடுங்கள்.

முதல் வகை, விண்டோஸ் 11-க்குத் தகுதியானவை. டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, நம்பகமான இயங்குதளத்தை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதி, குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், ஏற்கப்பட்ட பிராசசர் ஆகியவை தேவை. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல். மைக்ரோசாஃப்ட் தரும் பிசி ஹெல்த் செக் என்ற செயலியை ஓட்டினால் இவை அனைத்தையும் அதுவே சொல்லிவிடும். டிபிஎம் இல்லை என்று வந்தால் உடனே கைவிட வேண்டாம். பல கணினிகளில் அது இருந்தும், இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

இரண்டாம் வகை, அதற்குத் தகுதியற்ற ஆனால் நன்றாக ஓடும் கணினிகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது அக்காவுக்கோ அண்ணனுக்கோ அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி நம் வீடுகளில் பெரும்பாலும் இந்த வகையில்தான் சேரும். இவற்றுக்கு லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தை, ரேம் குறைவாக இருந்தால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடலாம். 2 ஜிபி ரேமில் ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதியாக ஓடும். 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. 32 பிட் பிராசசர் உள்ள மிகப் பழைய கணினிகளில் இது ஏறாது.

தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ வலுக்கட்டாயமாக ஏற்றும் வழிகள் உண்டு. பிள்ளைகள் கற்கும் இடத்தில் அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பாதுகாப்புக்காகத் தொடங்கிய வேலை அங்கே பொருளிழந்துவிடும்.

மூன்றாம் வகை, தொடக் கூடாதவை. அப்பா கடையில் டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓடும் கணினி, டிஜிட்டல் கையெழுத்துச் சாவி செருகப்பட்டிருக்கும் கணினி, பிழைப்புக்கான தையல் டிசைன் மென்பொருளோ பில் பிரின்டரோ இணைந்த கணினி ஆகியவை கூட்டத்துக்கு வரவே கூடாது. பிள்ளைகளின் பயிற்சிக்காக ஒரு குடும்பத்தின் வருமானத்தைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை. இத்தகைய விண்டோஸ் 10 கணினிகளுக்கு, 2026 அக்டோபர் 13 வரையிலான கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லலாம்.

4. பேக்கப்: இது முடியாத கணினியைத் திறக்க வேண்டாம்

பேக்கப்பை அந்தந்த வீட்டில், கணினியின் உரிமையாளரை அருகில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். எந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள் ஆகியவற்றை எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். தவறுவது, டி டிரைவில் யாரோ தனியாகப் போட்டு வைத்த கல்யாண வீடியோவும், பிரவுசரில் மட்டுமே சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகளும்.

தமிழர் வீட்டுக் கணினிகளில் இன்னொன்றும் தவறுகிறது, எழுத்துரு. எங்கள் இரண்டாவது கூட்டத்தில் ஒரு சிறுமி தன் தாத்தாவின் லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தாள். அவர் வர்ம வைத்தியம் செய்பவர். பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்த மருந்துக் குறிப்புகள் அதில் இருந்தன. நாங்கள் கோப்புகள் அனைத்தையும் ஒழுங்காக நகலெடுத்தோம், லினக்ஸ் போட்டோம், திரும்பக் கொண்டுவந்தோம். கோப்பைத் திறந்தால் வரிக்கு வரி ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாக இருந்தன. ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. அந்தப் பிள்ளையின் கை மவுஸிலிருந்து நழுவி மடியில் விழுந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

குறிப்புகள் அழியவில்லை. அவர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடுக்கு முந்தைய அவ்வகை எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டிருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் உள்ள ஆங்கில எழுத்துகளே தெரியும். அதே எழுத்துரு இருந்த இன்னொரு கணினியிலிருந்து கோப்பை எடுத்துவந்து நிறுவியதும் எல்லாம் மீண்டு வந்தது. ஆனால் இடைப்பட்ட அரை மணி நேரம் அந்தப் பிள்ளை பட்ட பாடு, நான் வரிசையில் ஒரு படியை விட்டதால் வந்தது. எனவே சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுவதுமாக நகலெடுங்கள், எந்தெந்த எழுத்துரு தேவை என்று அப்போது ஆராய வேண்டாம்.

விண்டோஸ் கணினிகளில், டிஸ்க்கில் உள்ளதைக் குறியாக்கிப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால், 48 இலக்க மீட்புச் சாவியை உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் ஓர் அமைப்பை மாற்றியதும் கணினி அந்தச் சாவியைக் கேட்டு நின்றுவிடலாம்.

நகலெடுத்த பிறகு, வெளி ஹார்ட் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி ஒரு படம், ஒரு வீடியோ, ஒரு தமிழ் ஆவணம் ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பைப் பேக்கப் என்று கணக்கில் வைக்கக் கூடாது.

5. பென் டிரைவை முந்தைய நாளே தயாரித்தல்

இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்புகளைக் கூட்டத்தன்று இறக்கலாம் என்று இருக்க வேண்டாம். மின்ட் ஏறத்தாழ 3 ஜிபி, விண்டோஸ் 11 அதனினும் பெரிது. கைபேசியின் ஒரு நாள் டேட்டா ஒரு கோப்போடு தீர்ந்துவிடும். மின்ட்டுக்கு, ஏற்கெனவே எதுவும் இல்லாத 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றை ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற செயலியைக் கொண்டு எழுதுங்கள். கோப்பை அப்படியே நகலெடுத்துப் போட்டால் கணினி அதிலிருந்து தொடங்காது. இது புதியவர்கள் மிகவும் சறுக்கும் இடம்.

அந்தப் பென் டிரைவைப் பயன்படுத்துவதற்கு முன், இறங்கிய கோப்பு முழுமையானதா என்பதை, கோப்பிலிருந்து கணக்கிடப்படும் எஸ்எச்ஏ 256 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். இதை மட்டும் பிள்ளைகளுக்காக மிச்சம் வைத்து, கூட்டத்தின் முதல் வேலையாகக் கொடுங்கள். 64 எழுத்துகள். ஒரு பிள்ளை வலைத்தளத்தில் உள்ளதை நான்கு நான்காகப் பிரித்து உரக்க வாசிக்க, மற்றது தன் திரையில் விரல் வைத்துத் தொடர்ந்து "சரி" என்று சொல்ல வேண்டும். நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு பையன் முதல் இரண்டு கூட்டங்களில் யாரோடும் ஒரு சொல் பேசவில்லை. மூன்றாவது கூட்டத்தில் "ஏழு, சி, சைபர், ஒன்பது" என்று அவன் வாசிக்க வேண்டியிருந்தது. பத்தாவது தொகுதியில் எதிரில் இருந்தவள் "நில்லு, நீ ஒரு வரியை விட்டுட்டே" என்றாள். இருவரும் முதலிலிருந்து தொடங்கினார்கள். அதற்குப் பின் அவனைப் பேச வைக்க யாரும் முயல வேண்டியிருக்கவில்லை. என்ன பேசுவது என்று தேட வேண்டாத பேச்சு கூச்சமுள்ள பிள்ளைக்கு எளிதாக இருக்கிறது.

6. இருவர் இருவராக அமர்த்துதல்

ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒரே இணையில் போட வேண்டாம். அவர்களுக்குள் யார் சொல்வது, யார் கேட்பது என்பது வீட்டிலேயே முடிவாகியிருக்கும். வயது வித்தியாசம் இருக்கலாம். பதினான்கு வயதுப் பிள்ளையும் பதினொரு வயதுப் பிள்ளையும் நன்றாகவே ஒத்துப்போகிறார்கள். வீட்டில் பயிலும் பிள்ளைகளுக்கு வயதுவாரியாகப் பிரிந்து பழக்கமில்லை.

ஓர் இணையில் ஒருவர் தாளில் உள்ள படிகளை வாசித்துச் சொல்பவர், மற்றவர் விசைப்பலகையில் கை வைப்பவர். வாசிப்பவர் கணினியைத் தொடக் கூடாது, கை வைப்பவர் தாளைப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் இடம் மாற வேண்டும்.

வீட்டில் பயிலும் பிள்ளைகளிடம் நான் காணும் ஒரு பழக்கம், சிறு ஐயம் வந்தாலும் நேராகப் பெரியவரிடம் வருவது. அவர்களுக்கு ஆசிரியரும் அம்மாவும் ஒருவரே என்பதால் அது இயல்பு. ஆகவே, முதலில் தன் இணையிடம், அடுத்துப் பக்கத்து இணையிடம், அதற்கும் பிறகே மாமாவிடமோ அத்தையிடமோ கேட்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள். இதைப் பெரியவர்கள் கடைப்பிடிப்பதுதான் கடினம். பிள்ளை திணறும்போது பதில் நம் நாவின் நுனியில் வந்து நிற்கும். இரண்டு நிமிடம் பொறுத்தால் பக்கத்து மேசையிலிருந்து அந்தப் பதில் வந்துவிடும்.

7. நிறுவல்

அ. பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அறைக்கு வெளியே ஒரு பையில் வையுங்கள். நிறுவும்போது "முழு டிஸ்க்கையும் அழி" என்ற தேர்வு வரும். இரண்டு டிஸ்க்குகள் செருகியிருந்தால், பேக்கப் இருக்கும் டிஸ்க்கையே தேர்ந்தெடுத்துவிடும் ஆபத்து உண்டு.

ஆ. லேப்டாப்பில் சார்ஜரைச் செருகுங்கள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

இ. விண்டோஸ் 11 என்றால், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே ஐஎஸ்ஓவைத் திறந்து செட்டப்பை இயக்கி, கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்ளும் தேர்வை எடுங்கள். பென் டிரைவிலிருந்து தொடங்கிப் புதிதாகப் போட்டால் செயலிகள் போய்விடும்.

ஈ. மின்ட் என்றால், பென் டிரைவைச் செருகி, கணினியை மீண்டும் தொடங்கி, பூட் மெனுவுக்கான விசையை அழுத்த வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப் 12, எச்பியில் எஃப் 9. மெனுவில் பென் டிரைவ் தெரியவில்லை என்றால் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். கடலோர ஊர்களிலிருந்து வரும் கணினிகளில் உப்புக்காற்றால் ஒரு போர்ட் துருப்பிடித்திருப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

உ. மின்ட் திரை வந்ததும் நிறுவத் தொடங்கிவிடாதீர்கள். டிஸ்க்கில் எதையும் மாற்றாமல் பென் டிரைவிலிருந்தே அது ஓடும். வைஃபை, ஒலி, கேமரா, டச்பேட் நான்கையும் அப்போதே சோதியுங்கள். வைஃபை கிடைக்காத கணினியை அழித்துவிட்டுப் பிறகு டிரைவரைத் தேடுவது துன்பம். அழிப்பதற்கு முன் தெரிந்தால் அந்தக் கணினியை அப்படியே மூடி அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கலாம்.

ஊ. அழிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன், இணையில் இருவரும் "பேக்கப் திறந்து பார்த்தாயிற்று, டிஸ்க் வெளியே இருக்கிறது" என்று ஒரு பெரியவரிடம் வந்து சொல்ல வேண்டும். அன்று முழுவதும் பெரியவரின் ஒப்புதல் கட்டாயமாகும் இடம் இது ஒன்றுதான்.

8. காத்திருக்கும் நேரம்

எஸ்எஸ்டி உள்ள கணினியில் மின்ட் இருபது நிமிடத்தில் முடிந்துவிடுவதுண்டு. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் விண்டோஸ் 11 ஏற ஒன்றரை மணி நேரமும் ஆகலாம். இந்த நேரத்தை என்ன செய்வது என்று புதிய பெற்றோர் பதறுகிறார்கள். ஒருவர் வினாடி வினா நடத்த எழுந்தார், இன்னொருவர் கணினியின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார், கைபேசியைக் கொடுத்துவிட்டவர்களும் உண்டு. கைபேசி கொடுத்த அன்று திண்ணையில் ஆறு பிள்ளைகள் ஆறு திசையில் குனிந்திருந்தார்கள்.

எதையும் நடத்தாதீர்கள். இந்தக் கூட்டத்தை நாம் கூட்டியதே இந்த வெற்று நேரத்துக்காகத்தான். ஒரே வேலையில் பாதி வழி வந்திருக்கும் இருவருக்குப் பேச ஏதோ ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதை அவர்களே நீட்டித்துக்கொள்வார்கள். முதல் பத்து நிமிடம் சங்கடமான அமைதி நிலவும். அதைப் போக்க நாம் எழுந்துவிட்டால், அவர்கள் அதைத் தாங்களாகக் கடக்கும் வாய்ப்பைப் பறித்துவிடுகிறோம்.

உணவைத் திண்ணையில் வையுங்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்ட கையோடு விசைப்பலகைக்கு வரக் கூடாது என்பது ஒரு காரணம். பெரியவர்கள் உள்ளே இருக்க, பிள்ளைகளுக்குத் தனி இடம் கிடைக்கும் என்பது முக்கியமான காரணம். பழம்பொரியை ஒரே பெரிய தட்டில் வைத்தால் போதும், பிள்ளைகளே பங்கிட்டுக்கொள்வார்கள். இணைக்கு ஒருவராக முறை வைத்து உள்ளே சென்று, திரையில் எத்தனை விழுக்காடு என்று பார்த்துவந்து சொல்லட்டும். "அறுபத்திரண்டு!" என்று ஒரு பிள்ளை கத்திக்கொண்டு ஓடிவரும் சத்தம் கேட்கத் தொடங்கினால் அன்றைய கூட்டம் கூடிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிணக்கு வந்தால், யாரும் யாரையும் அடிக்காதவரை, உள்ளேயே இருங்கள்.

9. முதல் தொடக்கத்துக்குப் பின்

முதலில் புதுப்பிப்புகளை ஏற்றுங்கள். மின்ட்டில் அடுத்து டைம்ஷிஃப்ட் என்ற செயலியை இயக்கி ஒரு நிலைப்பதிவு எடுத்துவிட்டால், பிறகு ஏதாவது கெட்டாலும் இந்த நிலைக்குத் திரும்பலாம். அதன் பிறகுதான் பேக்கப் டிஸ்க்கைச் செருகிக் கோப்புகளையும் எழுத்துருக்களையும் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

தமிழ்த் தட்டச்சை மறக்காமல் அமையுங்கள். விண்டோஸில் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கலாம். மின்ட்டில் ஐபஸ், எம்17என் ஆகிய தட்டச்சு மென்பொருள் பொதிகளை நிறுவினால் தமிழ் 99 முறையும் ஒலிபெயர்ப்பு முறையும் கிடைக்கும். தமிழ் வராத கணினி வீட்டுப் பெரியவர்களுக்குப் பாதிக் கணினிதான்.

புதிய பாஸ்வேர்டைப் பிள்ளைகள் விருப்பத்துக்கு விட்டுவிடாமல், உரிமையாளர் சொன்னதையே வைத்து, தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.

10. ஒப்படைத்தலும் அடுத்த கூட்டமும்

கணினியை உரிமையாளரிடம் இணையில் உள்ள இருவரும் சேர்ந்து கொடுக்க வேண்டும். என்ன மாறியது, படங்கள் எங்கே இருக்கின்றன, எப்படி அணைப்பது என்று ஐந்து நிமிடம் அவர்களே விளக்கட்டும். "மக்களே, என்ன சார்ட்கட் எல்லாம் காணல?" என்று ஒரு தாத்தா கேட்கும்போது பதில் சொல்வது, பிள்ளைகளுக்குத் தங்கள் வயதுக்கும் வீட்டுக்கும் வெளியே உள்ள ஒருவரிடம் பழகக் கிடைக்கும் நல்ல பயிற்சி. பிறகு ஐயம் வந்தால் யாரை அழைப்பது என்று தாளில் எழுதும்போது, பெற்றோர் சம்மதத்தோடு இரண்டு வீட்டு எண்களையும் எழுதுங்கள். அந்தக் கணினியைக் காரணம் வைத்து இரு பிள்ளைகளும் இடையில் பேசிக்கொள்வார்கள்.

அடுத்த கூட்டத்தை நான்கு வாரத்துக்குள், அதே பிள்ளைகளோடு வையுங்கள். ஒவ்வொரு முறையும் புது முகங்களைக் கூட்டிவருவது பெரிய தவறு. மூன்று நான்கு முறை அதே முகங்களைப் பார்த்தால்தான் கூச்சம் போகும். புதிதாக ஒரு குடும்பத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

அதுவரை பேக்கப்பை அழிக்க வேண்டாம். அடுத்த கூட்டத்தின் முதல் வேலையாக, முந்தைய கணினியைச் செய்த இணையே அந்த உரிமையாளரை அழைத்து, ஏதாவது காணாமல் போயிருக்கிறதா என்று கேட்கட்டும். அவர் இல்லை என்று சொன்ன பிறகு, அவர் ஒப்புதலோடு டிஸ்க்கைக் காலி செய்து அடுத்த வீட்டுக் கணினிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.